நிலுவை 2,016

திங்கள் காலை 8.10. தடய அறிவியல் கூடத்தின் உறைகுளிர் அறையைத் திறந்த துப்புரவுப் பணியாளர் போட்ட அலறலில் வாசல் வரை ஆள் கூடிவிட்டது.

உள்ளே ரத்தப் பரிசோதனைப் பிரிவின் மூத்த நிபுணர் சுவரோரம் சுருண்டு கிடந்தார். 'எறும்பு' என்றால்தான் அவரை அங்கே எல்லோருக்கும் தெரியும். ஞாயிறு, விடுமுறை என்று பாராமல் உழைப்பவர். ஐம்பது வயதுப் பெண்மணி, தனி ஆள். ஒரு ராத்திரி வீடு திரும்பாவிட்டால் தேட நாதியில்லை. கம்பளிக் கோட்டு வெளியே ஆணியில் தொங்கியது, செல்போன் அதன் பையில். கதவின் உட்புறத்தில் நகக் கீறல்கள்.

8.55. இன்ஸ்பெக்டர் அம்மாள் வந்து இறங்கினார். கூடத்தின் இயக்குநர் வாசலிலேயே காத்திருந்தார்.

"உள்ளேருந்து திறக்கிற கைப்பிடி உடைஞ்சு மூணு வருஷம் ஆச்சு மேடம். ஒவ்வொரு மானிய விண்ணப்பத்திலயும் போட்டோவோட எழுதறோம், பணம் வந்தபாடில்லை. கதவு தானா சாத்திக்கும். முக்காலியை முட்டுக் கொடுத்துட்டுத்தான் உள்ள போகணும். பாவம், மறந்துட்டாங்க."

"நேத்து நீங்க வந்தீங்களா?"

"இல்ல. வீட்ல உட்கார்ந்து இந்த வருஷ விண்ணப்பத்தை முடிச்சேன். ஆறு மணியோட கடைசி. 5.42-க்கு அனுப்பினேன்."

"இங்க யார் இருந்தாங்க?"

"ஞாயித்துக்கிழமை காவலாளி கிடையாது. சாவி எல்லார்கிட்டயும் இருக்கு."

இன்ஸ்பெக்டர் வெளியறையைச் சுற்றிவந்தார். முக்காலி எதிர்ச் சுவர் மேசைக்கு அடியில் ஒழுங்காகத் தள்ளப்பட்டிருந்தது. உறைகுளிர் அறையின் தரையில் ஒரு பெரிய தட்டு. சுற்றிலும் முப்பத்தொரு ரத்த மாதிரி உறைகள் சிதறிக் கிடந்தன. தட்டைத் தூக்கிப் பார்த்தார். இரண்டு கையும் வேண்டியிருந்தது.

டி.என்.ஏ. பிரிவு நிபுணரைக் கூப்பிட்டார். வெள்ளியன்று வெளியூர்க் கோர்ட்டு வேலையாகப் போனவர், அன்று காலை ரயிலில்தான் திரும்பியிருந்தார்.

"இந்தத் தட்டோட கதவை எப்படித் திறப்பீங்க?"

"முடியாது மேடம். முதல்ல திறந்து முட்டுக் கொடுத்துட்டு, அப்புறம்தான் தட்டை எடுப்போம்."

அப்படியானால் முக்காலி கதவடியில்தான் இருந்திருக்கிறது. அதை எடுத்தது வேறு கை.

10.30. டாக்டர் சுருக்கமாகச் சொன்னார். "மதியம் மூணு மணிவாக்குல மாட்டியிருக்கலாம். உடனே போகலை. ஆறு, ஆறரை வரைக்கும் உயிர் இருந்திருக்கும்."

11.20. குமாஸ்தா விண்ணப்பத்தின் நகலைக் கொண்டுவந்து நீட்டினார். இன்ஸ்பெக்டர் முதல் பக்கத்தை வாசித்தார். கட்டடத்தின் வயது நாற்பத்திரண்டு. நுண்ணோக்கிகள் மூன்று, ஒன்று பழுது. பணியில் இருப்போர் ஏழு. நிலுவையில் உள்ள மாதிரிகள் 2,016.

"நேத்து எங்க இருந்தீங்க?"

"ஆஸ்பத்திரியில மேடம். அண்ணன் மகளுக்கு ஆபரேஷன். அண்ணி, டாக்டர் யாரை வேணா கேளுங்க."

"இதை யார் தயார் பண்ணது?"

"சார்தான். எங்க யாரையும் தொடவிட மாட்டார். அவர் போட்ட கணக்குல ஒரு புள்ளி தப்பா இருந்தா நான் மீசையை எடுத்துடறேன்."

"ஆள் பத்தாக்குறையா?"

"பதினோரு இடத்துக்கு எட்டு பேர். அஞ்சு வருஷமா புதுசா ஒருத்தர் வரல. இருக்கறவங்கள்லயும் யாரும் போகல."

இன்ஸ்பெக்டர் நகலை மடித்துப் பையில் வைத்தார்.

12.15. இறந்தவரின் மேசையில் முப்பத்தொரு அறிக்கைகள் அடுக்கியிருந்தன. எல்லாம் முடிந்தவை. கையெழுத்து இடம் மட்டும் காலி.

"உறைகளைத் திரும்ப உள்ள வெச்சுட்டு வந்து கையெழுத்துப் போடறது அவங்க வழக்கம்" என்றார் டி.என்.ஏ. நிபுணர். "போட்டிருந்தா நிலுவை 1,985 ஆகியிருக்கும்."

"அதனால என்ன?"

அவர் தயங்கினார். "ரெண்டாயிரத்துக்கு மேல நிலுவை இருந்தாத்தான் புதுக் கட்டடத்துக்கு மானியம். கீழ போனா மராமத்துக்கு மட்டும்தான்."

"இப்போ இந்த அறிக்கைகள்?"

"வெறும் காகிதம். பரிசோதிச்சவங்கதான் கையெழுத்துப் போடணும். எல்லாத்தையும் மறுபடி முதல்லேருந்து பண்ணணும்."

4.00. இயக்குநரின் அறை. இன்ஸ்பெக்டர் நகலை மேசைமேல் விரித்தார்.

"சார், கையெழுத்தாகாம இருக்க நீங்கதான் முக்காலியை எடுத்தீங்க."

"நான் வரவே இல்லைன்னு சொன்னேனே."

"இதுல பணியில் இருப்போர் ஏழுன்னு இருக்கு. அஞ்சு வருஷமா எட்டு. உடம்பைப் பார்த்தது இன்னிக்குக் காலைல. நேத்து சாயங்காலம் 5.42-க்கு ஒரு ஆள் குறைஞ்சது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இயக்குநர் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். மின்விசிறி காகிதத்தின் முனையைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

"பதினேழு வருஷமா எழுதறேன்" என்றார் மெதுவாக. "ஒரு தடவைகூடப் பொய்யான எண் போட்டதில்ல. ஒரே ஒரு நாள் பொறுங்கன்னு கெஞ்சினேன் மேடம். 'காத்திருக்கறவங்களுக்கு நீங்க பதில் சொல்றீங்களா'ன்னு கேட்டுட்டு உள்ள போனாங்க. புது லேப் வந்தா ஆயிரக்கணக்கான பேருக்கு…" அந்த வரியின்மேல் விரலை வைத்தார். "எட்டுன்னு எழுதக் கை வரல. அது பொய்யாயிடும்."

"டாக்டர்கிட்ட கேட்டேன் சார். நீங்க ஏழுன்னு எழுதினப்போ அவங்க உயிரோட இருந்தாங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். கான்ஸ்டபிள் தோளைத் தொடும் வரை எடுக்கவில்லை.

6.20. டி.என்.ஏ. நிபுணர் ஒரு அறிக்கையைத் தனியே எடுத்து நீட்டினார். கத்திப் பிடியில் குத்தியவன் சிந்திய ரத்தம் பதினாலு மாதமாகச் சிறையில் இருக்கும் மனிதருடையது அல்ல என்று அதில் இருந்தது.

"மறுபடி செய்ய எத்தனை நாள்?"

"மத்ததைத் தள்ளி வெச்சா நாலு."

"தள்ளி வைங்க."

வழக்குத் தாளில் அந்த மனிதரின் மனைவியுடைய எண் இருந்தது. இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார். ஒரு பரிசோதனையில் நல்ல சேதி இருக்கிறது, அதை உறுதி செய்ய நாலு நாள் ஆகும் என்று மட்டும் சொன்னார். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் ஒலி.

"நாலு நாள்தானே, இருப்பாரு மேடம். டெஸ்ட் பண்ணது யாரு?"

"ஒரு அம்மா."

"நான் கையெடுத்துக் கும்பிட்டேன்னு அவங்ககிட்ட சொல்லிடுங்க."

"சொல்றேன்" என்றார் இன்ஸ்பெக்டர்.