முழுசா இருக்கிறதுதான் கடைசி

கப்புக்குப் பிடி இருந்தது.

விசில் அதைப் பார்த்தான், ஒரு வாய் காபி குடித்தான், கீழே வைத்தான். யோசிக்க நேரமில்லை. உலகமே முட்டாளாக உட்கார்ந்திருந்தது. திருத்த இவன் ஒருவன்தான் இருந்தான்.

சின்ன வயதில் அக்காவும் இவனும் ஒரே சைக்கிளிலிருந்து விழுந்தார்கள். அவளுக்குத் தாடையில் தழும்பு. இவனுக்கு முன்பல் முனை உடைந்தது. அன்றிலிருந்து 'ச' வரும் இடமெல்லாம் மெல்லிய சீட்டிச் சத்தம். இவனுடைய வீடியோக்களைப் பார்க்கிறவர்கள் வைத்த பெயர்தான் விசில்.

வீடியோ எல்லாவற்றிலும் ஒரே வேலை: கேம்களின் கதையைக் காலவரிசைப்படி அடுக்குவது. இப்போது 'குடிவந்தவர்கள்' என்ற கேம். ஒரு வீடு, அப்பா, அம்மா, மகள். காட்சிகள் கலைத்துப்போட்ட சீட்டுக்கட்டு மாதிரி வரும். விசிலுக்கு ஒரு விதி போதும்: முழுசாக இருப்பது முன்னால், உடைந்தது பின்னால். ஜன்னல் கண்ணாடி முழுசாக இருக்க, எல்லோரும் சிரித்துச் சாப்பிடுவது ஆரம்பம். கண்ணாடியில் விரிசல், அப்பா கையில் கட்டு என்றால் முடிவு. ஒரு தடவை ஆடி முடித்த கையோடு வீடியோ போட்டான். "இதுகூடப் புரியாத ஜென்மங்க எல்லாம் போய்ப் பல்லாங்குழி ஆடுங்க."

கீழே 'ஒட்டுப்பசை' என்று ஒருவன் எழுதியிருந்தான்: "அண்ணா, தலைகீழா அடுக்கிட்டீங்க. முழுசா இருக்கிறதுதான் கடைசி. ரெண்டாவது தடவை ஆடிப் பாருங்க."

"தம்பி, உங்க வீட்ல உடைஞ்சது தானா ஒட்டிக்குமா? அட்ரஸ் குடு, என் பிஞ்ச செருப்பையும் அனுப்புறேன்" என்று பதில் போட்டான். ஊரே சிரித்தது.

அவனை இன்னும் அசிங்கப்படுத்தத்தான் இரண்டாவது ஆட்டம். மத்தியானம் நாற்காலியிலேயே கண்ணசந்துவிட்டான். எழுந்தபோது கழுத்துகூடப் பிடித்துக்கொள்ளவில்லை. இப்போது வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. இழுத்துவிட்ட ஜன்னல் துணியின் ஓரத்தில் மஞ்சள் கோடாக வெளிச்சம் நின்றது, மின்விசிறி தலைக்கு மேல் ஒரே சீராக, எப்போதும் போடும் கடகடச் சத்தம் இல்லாமல் சுற்றியது, எங்கிருந்தோ ஈரப் பசையின் வாசனை வந்து காபி வாசனைக்கு அடியில் படுத்துக்கொண்டது.

முதல் ஆட்டத்தில் பூட்டியே கிடந்த அறை ஒன்று, மாடிப்படிக்கு அடியிலிருக்கும் சாமான் அறை, இந்தத் தடவை திறந்தது. உள்ளே விரிசல் விட்ட ஜன்னல் கண்ணாடி. அதன் பக்கத்தில் சுவரில் சாய்ந்து அப்பா, அம்மா, மகள். அப்பா கையில் கட்டு. அறைக்கு வெளியே, சாப்பாட்டு மேஜையிலிருந்து, அதே மூன்று பேரின் சிரிப்பு.

அப்படியானால் மேஜையில் இருப்பது யார்?

ஒட்டுப்பசை சொன்னது சரி. ஏதோ ஒன்று எல்லாவற்றையும் பழுதில்லாமல் புதிதாகச் செய்து வைத்துவிட்டு, உடைந்த பழசைச் சாமான் அறைக்குள் போட்டிருக்கிறது. விசிலுக்குக் காது சூடானது. பயத்தில் இல்லை, அவமானத்தில். "தூ. எவனோ தூக்கக் கலக்கத்துல எழுதின கதை" என்று முனகிக்கொண்டு கப்பை எடுத்தான்.

விரல் பிடிக்குள் நுழைந்தது.

போன மாதம் அக்கா கழுவும்போது உடைத்த பிடி. உன் மூஞ்சிக்கு இது போதும்டா பன்னி என்று சொல்லி, அதிலேயேதான் தினமும் காபி கொடுத்தாள்.

"அக்கா!"

அறை வாசலில் வந்து நின்றாள். "என்னப்பா?"

'என்னப்பா'வா? அவள் இவனைக் கூப்பிடுவது பன்னி, எருமை, தண்டம். பாசம் ரொம்பப் பொங்கினால் தடியா. இதைத் தாண்டி அவள் வாயில் எதுவும் வந்ததில்லை.

"இந்தப் பிடியை எப்ப ஒட்டின?"

"ஒட்டலையே. நல்லாத்தானே இருக்கு?"

"உடைச்சதே நீதான், எருமை."

இதற்குக் கரண்டியாவது பறந்து வந்திருக்க வேண்டும். அவள் சிரித்தாள். "இங்க எதுவும் உடையலப்பா."

மானிட்டர் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. தாடை வழவழவென்று இருந்தது.

தழும்பு இல்லை.

இவர்கள் வீட்டிலும் மாடிப்படிக்கு அடியில் ஒரு சாமான் அறை உண்டு. அவளைத் தாண்டி நடந்தான். அவள் தடுக்கவில்லை. மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டாள். கூடத்தில் இவன் செருப்பு கிடந்தது. வார் பிய்யாமல். புதுசு போல.

கதவு சாத்தியிருந்தது. பசை வாசனை. தள்ளினான்.

இருட்டு. போன் வெளிச்சம். பிடி உடைந்த கப். வார் பிய்ந்த செருப்பு. ஒரு கால்.

அக்காவின் கால்.

சுவரில் சாய்ந்திருந்தாள். தாடையில் தழும்பு. கண் திறந்திருந்தது. உயிர் இருந்தது. ஆனால் அவள் இவனைப் பார்க்கவில்லை. பக்கத்து இருட்டைப் பார்த்து, தொண்டை வறள, கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"தடியா... எழுந்திருடா. அது வந்துடுச்சுடா..."

"அக்கா, நான் இங்க இருக்கேன். சத்தியமா நான்தான்க்கா!"

சத்தியமா.

சீட்டி வரவில்லை.

நாக்கு பல்லைத் தேடிப் போனது. முனை முழுசாக இருந்தது.

அக்கா மெதுவாகத் திரும்பி இவனைப் பார்த்தாள். பார்த்ததும், பக்கத்திலிருந்த உருவத்தை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அதன் தலை சாய்ந்தது. வாய் லேசாகத் திறந்தது. உடைந்த முன்பல்லின் இடுக்கு வழியாக, மூச்சோடு மூச்சாக, மெல்லிய விசில் வந்தது.