பச்சை எரிந்த பெட்டி

தங்கச்சிமடம் கரையில் மரியசெல்வத்தின் பிணம் ஒதுங்கியது.

அவனோடு ஒரே வள்ளத்தில் போன கில்பர்ட்டைக் காணவில்லை... இரண்டு நாளாக!

வள்ளத்து முதலாளி சவேரியாரின் வீட்டுக்குள் புயலாக நுழைந்தாள் கில்பர்ட்டின் மனைவி அற்புதம்மாள். கண்ணில் நீர் இல்லை. நெருப்பு.

"மொதலாளி, தேடுறதுக்கு இஞ்சின் போட்டை அனுப்புங்க."

"எதுக்கு? பெட்டியில பச்சைதான எரியுது. ஆபத்துன்னா செவப்பு எரியும்."

மேஜையில் பச்சை விளக்கு எரியும் ஒரு மரப்பெட்டி. அதன் ஜோடி கில்பர்ட்டின் வள்ளத்தில். விற்ற ஆள் பக்கத்து நாற்காலியிலேயே இருந்தான்... கோட்டு போட்ட 'புரொபசர்' கூத்தையா.

"ரெண்டு பெட்டிக்குள்ளயும் இருக்கறது ஒண்ணாப் பொறந்த ரெட்டை அணும்மா. எத்தனை மைல் தள்ளிப் போனாலும் ஒண்ணு என்ன நெறமோ மத்ததும் அதே நெறம். சீமை விஞ்ஞானிகளே ஒத்துக்கிட்டாக."

"மரியசெல்வம் செத்தப்பவும் பச்சைதானய்யா எரிஞ்சுச்சு?"

"அவன் தவறி விழுந்திருப்பான். வள்ளம் பத்திரமா இருக்கு."

அற்புதம்மாள் மேஜையை நெருங்கினாள். அதில் கூத்தையா விற்பனைக்கு வைத்திருந்த இன்னொரு ஜோடியில் ஒன்றைத் தூக்கினாள். வாசல் தொட்டித் தண்ணீரில் அமுக்கினாள்!

"ஏய், என்ன பண்ற?"

"வள்ளம் முங்குது. மேஜையில இருக்கற இதோட ஜோடியைப் பாருங்க மொதலாளி. செவந்துச்சா?"

பச்சை.

சவேரியார் தொட்டியை எட்டிப் பார்த்தார். அங்கும் பச்சை!

"பாத்தீகளா... ரெண்டும் ஒத்துப் போகுதுல்ல?" கூத்தையா நாற்காலியை விட்டு எழுந்தான்.

"ஒத்துப் போகுது, யாரு இல்லேன்னா? ரெண்டும் ஒரே பாடத்தை ஒப்பிக்குது. இங்கன முங்குன சேதி அங்கன போகலையே."

சவேரியாரின் ஒரு கை கூத்தையாவின் காலரைப் பிடித்தது.

"ஏலே பயலுகளா, போட்டை எடுங்க."

மதியம்... தூரத்து மண்திட்டில் கரும்புகை!

உதடு வெடித்து, உயிரோடு கில்பர்ட்.

"வள்ளம் கவுந்துருச்சு. கையில கெடச்சது அந்தப் பெட்டிதான். அதைப் பிடிச்சே நீந்தினேன். வெயில்ல காய வச்சு, உள்ள இருந்த பேட்டரி ஒயரை உரசினேன், பொறி வந்துச்சு. பெட்டியவே கொளுத்திட்டேன்."

போலீஸ் ஸ்டேஷனில் இதைக் கேட்ட கூத்தையாவின் முகம் மலர்ந்தது.

"பாத்தீகளா சார், எம் பெட்டி சேதி சொல்லிருச்சு."

அற்புதம்மாள் சப்-இன்ஸ்பெக்டர் மருதுபாண்டியிடம் கையை நீட்டினாள்.

"சொல்லுச்சு, கொளுத்துன பெறகு. தீப்பெட்டியைக் குடுங்க சார்... இந்த ஆளும் உண்மையைச் சொல்றாரான்னு பாப்போம்."