செல்லக்கூடம் போகாதவள்

காதுக்குப் பின்னால் ஒட்டிய வில்லை ஒரு நொடி சில்லென்று குளிர்ந்து அடங்கியது. சுவர்ப் பலகையில் 'கோகிலவாணி, முதல் அளவு: 91' என்று விழுந்ததும் வரிசையில் நின்ற பிள்ளைகள் எல்லோரும் "அச்சச்சோ!" என்றார்கள். அளவெடுக்க வந்த அலுவலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். எண் மாறவில்லை.

"ஏம்மா, உனக்கு யாரும் முன்னாடியே சொல்லித் தரலியா?" என்றார், நிஜமான வருத்தத்தோடு.

"என்னத்தைங்க சார்?"

"அளவெடுக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு வருஷமாவது அடம் புடிச்சு, பொய் சொல்லி, ஒரு வேலையும் செய்யாம இருந்துட்டு வரணும்னு."

அலுவலரைத் திட்டிப் பிரயோசனம் இல்லை. அவர் நல்லதுக்குத்தான் சொன்னார்.

ஒரு காலத்தில் எந்திரன் போட்டிகளில் எந்திரனுக்குத்தான் பரிசு கொடுத்தார்கள். நடந்தது என்ன? பிள்ளையின் எந்திரனை அப்பா செய்தார். அப்பாவுக்கு முடியாவிட்டால் ஏதாவது கம்பெனி செய்தது. பிள்ளை பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டது. அரசாங்கத்தில் ஒரு புத்திசாலி யோசித்தார். எந்திரனா முக்கியம்? அதைச் செய்கிற பிள்ளைக்குப் பொறுமை வரும், நாலு பேரோடு கூடி வேலை செய்ய வரும், விழுந்தால் எழுந்திருக்க வரும், நேர்மை வரும் என்றுதானே போட்டியே வைக்கிறோம்? அந்தப் பயனையே நேராக அளந்துவிட்டால் என்ன?

அப்படிப் பிறந்ததுதான் பயன்மானி. பொட்டு அளவில் ஒரு வில்லை. காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால் மூளையின் ஓட்டத்தைப் படித்து, நான்கு குணங்களுக்கும் தலைக்கு இருபத்தைந்து என்று நூற்றுக்கு ஓர் எண் சொல்லும். போட்டி தொடங்கும்போது ஓர் அளவு. ஆறு மாதம் கழித்து, போட்டி முடியும்போது இன்னோர் அளவு. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் கிடைப்பது பயன். அதை வைத்துத்தான் கல்லூரியில் இடம். மதிப்பெண்ணும் தேர்வும் ஒழிந்து இருபது வருடம் ஆகிறது. பள்ளியா, கல்லூரியா, எதன் தரத்துக்கும் இப்போது அதே அளவுகோல்தான்: பிள்ளை வந்தபோது எவ்வளவு, போகும்போது எவ்வளவு.

கழித்தல் கணக்கு என்று தெரிந்தபின் நம் ஆட்களுக்குச் சொல்லியா தர வேண்டும்? கடைசி எண்ணை ஏற்றுவது கஷ்டம், முதல் எண்ணை இறக்குவது சுலபம். ஊரெங்கும் செல்லக்கூடங்கள் முளைத்தன. கோவையில் மட்டும் நாற்பத்தாறு. பதினைந்து வயதில் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டால், கேட்பதற்கு முன்பே எல்லாம் கொடுத்து, செருப்பு வாரைக்கூட ஆள் வைத்துப் போட்டுவிட்டு, தோற்கிற விளையாட்டைக் கண்ணில் காட்டாமல் இரண்டு வருடம் செல்லம் கொடுத்துத் திருப்பி அனுப்புவார்கள். அங்கே போன பிள்ளை அளவெடுப்பில் பத்தோ பதினைந்தோதான் காட்டும். பிறகு ஏற எவ்வளவு இடம் பாருங்கள்! பெற்றோர்கள் பெருமையாகப் பேசிக்கொள்வார்கள்: "எம்பையன் பன்னெண்டுங்க." "பரவால்லீங்களே, எம்பொண்ணு பதினாறு. வீட்டுல அவங்கப்பா அப்பப்போ கண்டிச்சுப் போடறாரு, அதான்."

இந்த ஊரில் தொண்ணூற்றொன்றோடு போய் நின்றால் அச்சச்சோ என்னாமல் என்ன செய்வார்கள்?

வாணியின் அம்மா தன்ஷிகா கணபதியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தாள். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, பழைய செப்புக் கம்பியை எடுத்துவிட்டு, புதுக் கம்பியைச் சுற்றுச் சுற்றாக எண்ணிக் கட்டுகிற வேலை. வாணி எட்டு வயதிலிருந்து அந்தக் கடையில்தான் வளர்ந்தாள். எண்ணிக்கை தவறினால் மொத்தத்தையும் பிரித்து முதலிலிருந்து சுற்ற வேண்டும். தவறியதை மறைத்தால், தண்ணீர் பாய்ச்சும் நேரத்தில் யாரோ ஒருவர் தோட்டத்தில் மோட்டார் எரியும். குணங்கள் நான்கும் அவளுக்கு அங்கேயே வந்துவிட்டன.

விஷயத்தைக் கேட்டதும் தன்ஷிகா கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தாள்.

"உன்னை நல்லபடியா வளத்தது என்ற தப்பாப் போச்சா கண்ணு?" அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "ஊரே கெடுத்து வெச்சிருக்கறப்ப நான் ஒருத்தி மட்டும் ஏன் இப்புடி இருந்தேன்?"

"அட, நீ வேறம்மா! இன்னும் ஒம்பது இருக்குதல்ல? எடுத்துக் காட்டறேன்."

ஒன்பதும் எடுத்தாலும் போதாது என்று இருவருக்கும் தெரியும். மாநில எந்திரவியல் கல்லூரியில் கோவை மண்டலத்துக்குப் பன்னிரண்டு இடம். போன வருடம் பன்னிரண்டாவது ஆளின் பயனே அறுபத்து மூன்று. ஆனால் வாணிக்கு அந்தக் கல்லூரிதான் வேண்டும். மற்றவர்கள் வடிவமைத்த மோட்டாரைப் பிரித்துக் கட்டியே காலம் போகக் கூடாது, தான் ஒன்றை வடிவமைக்க வேண்டும், அதற்கு அங்கேதான் படிப்பு இருக்கிறது என்று அவள் எப்போதோ முடிவு செய்துவிட்டாள். முடிவு செய்துவிட்டால் அவளை மாற்றுவது அவள் அம்மாவாலும் ஆகாது.

அந்த வருடப் போட்டிக்கான வேலை, மழைத்தண்ணீர் தேங்கிய சுரங்கப்பாதையை வடிய வைப்பது. எந்திரன் தானாகத் தண்ணீருக்குள் இறங்கி, அடைப்பைத் தேடி, குப்பையை அகற்றி, பம்பை ஓட்ட வேண்டும். ஒரு மாணவர், ஓர் எந்திரன். உதவி மட்டும் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். வாணி தன் எந்திரனுக்கு அடைப்பெடுப்பான் என்று பெயர் வைத்தாள். கவிதையாக இல்லைதான், ஆனால் அதன் வேலை அதுதானே!

மூன்றாம் வாரம் கடை வாசலில் ஒரு பெரிய வண்டி வந்து நின்றது. நந்தகோபன் என்ற பையன் இறங்கினான். செல்லக்கூடத்தில் முதல் மாணவன், முதல் அளவு பதினான்கு. அவன் எந்திரனின் மோட்டார் கருகிப் போயிருந்தது.

"ஆன்ட்டி, பத்து நிமிஷத்துல ரெடி பண்ணிக் குடுங்க," என்று மேசைமேல் அதை எறிந்தான்.

தன்ஷிகா மோட்டாரைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "உக்காரு சாமி. நீயே கட்டு."

முதல் நாள் அறுபதாவது சுற்றில் எண்ணிக்கை தவறி, கம்பியைத் தூக்கித் தெருவில் வீசினான். வாணி போய்ப் பொறுக்கி வந்து அவன் முன்னால் வைத்துவிட்டுச் சிரித்தாள். இரண்டாம் நாள் அழுதான். மூன்றாம் நாள் வரமாட்டான் என்று இருவரும் நினைத்தார்கள். கடை திறப்பதற்கு முன்பே வந்து நின்றான். ஒன்பதாவது நாள் அவன் கட்டிய மோட்டார் 'உய்ய்' என்று ஓடியபோது, கடையே அதிரும்படி கத்தினான். அதற்குப்பின் அவனாகவே மற்ற பிள்ளைகளின் மோட்டாரையும் வாங்கிவந்து கட்டிக் கொடுக்க ஆரம்பித்தான்.

"எந்திரன் போட்டியால பசங்களுக்கு நெசமாவே நல்லதுதான் நடக்குதும்மா," என்றாள் வாணி. அதை அவள் வயிற்றெரிச்சல் இல்லாமல் சொன்னாள் என்று எழுத ஆசைதான். கொஞ்சம் இருந்தது.

ஆறாம் மாதம் இறுதிப் போட்டி. அரங்கின் நடுவில் நிஜச் சுரங்கப்பாதை போலவே ஒன்றைக் கட்டி, இடுப்பளவு தண்ணீர் நிரப்பி, பிளாஸ்டிக் பையும் டீக்கப்பும் தேங்காய் நாரும் கொட்டியிருந்தார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு எந்திரன்கள் இறங்கின. ஆனால் பார்வையாளர்களில் ஒருவர்கூடத் தண்ணீரைப் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் பெரிய திரையில் தெரிந்த பிள்ளைகளின் முகங்கள்மேல்தான். ஓர் எந்திரன் மூழ்கி, அதன் பிள்ளை அழாமல் புன்னகைத்தால் கைதட்டல் காதைப் பிளந்தது. மூழ்கியதை மூன்றாம் முறை எடுத்துத் துடைத்தால் விசில்.

அடைப்பெடுப்பான் நேராகப் போய், கையை விட்டு, குப்பையை அள்ளி ஓரமாகப் போட்டுவிட்டு, பம்பை ஓட்டியது. ஒன்பது நிமிடத்தில் தரை தெரிந்தது. வடிய வைத்தது அது ஒன்றுதான். ஒரு தட்டல்கூட விழவில்லை. தோற்காதவள் எங்கே விழுந்து எங்கே எழுந்திருப்பாள்?

பலகை ஒளிர்ந்தது. முதலிடம் நந்தகோபன்: பதினான்கிலிருந்து எண்பத்தைந்து, பயன் எழுபத்தொன்று. இருநூற்றுப் பன்னிரண்டாவது, அதாவது கடைசி இடம் கோகிலவாணி: தொண்ணூற்றொன்றிலிருந்து தொண்ணூற்றிரண்டு, பயன் ஒன்று. தன்ஷிகா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நந்தகோபன் மேடை ஏறினான். மாலை போட வந்த போட்டி ஆணையரை நிறுத்திவிட்டு ஒலிவாங்கியைப் பிடித்தான்.

"எனக்கு இந்த இடம் வேண்டாங்க. என்னைச் செல்லக்கூடத்துல விட்டு வேணும்னே கெடுத்தாங்க. என் பதினாலு பொய்யான பதினாலு. நான் கத்துக்கிட்டது பூரா வாணி வீட்டுக் கடையிலதான். அவளுக்குக் குடுங்க."

அவன் காதுக்குப் பின்னால் வில்லை இன்னும் ஒட்டியிருந்தது. பலகையில் அவன் எண் எண்பத்தைந்திலிருந்து எண்பத்தொன்பதுக்கு ஏறியது.

"நேர்மை!" ஆணையருக்குக் கண் கலங்கிவிட்டது. "பயன் இப்போது எழுபத்தைந்து! பார்த்தீர்களா, இதுதான் எங்கள் போட்டியின் வெற்றி!"

"ஐயோ, நான் சொல்றது புரியலீங்களா? நான் விட்டுத் தர்றேங்க."

தொண்ணூற்றிரண்டு.

நொந்துபோன நந்தகோபன், "நான் சொன்னதெல்லாம் பொய்ங்க, என்னை வெளியே தள்ளுங்க!" என்று கத்தினான். அவளுக்காகத்தான் பொய் சொல்கிறான் என்று வில்லைக்குத் தெரிந்துபோயிற்று. நேர்மையில் ஒன்று குறைத்து, கூட்டுறவில் மூன்று ஏற்றியது. தொண்ணூற்று நான்கு.

கூட்டத்தில் இருந்த பெற்றோர்களுக்கு அவ்வளவு போதாதா? "டேய், நீயும் போய் ஒத்துக்கடா!" "போடி, அந்த அண்ணன் மாதிரி நாலு வார்த்தை சொல்லிட்டு வா!" என்று ஆளாளுக்குப் பிள்ளையை மேடைக்குத் தள்ள ஆரம்பித்தார்கள். போட்டியால் பயன் பெற்ற பிள்ளைகள் நிஜமாகவே திருந்தியிருந்தார்கள். கல்லூரி இடத்துக்கான பட்டியலில் இருந்த மற்ற பதினொரு பேரும் உண்மையைச் சொன்னார்கள். எல்லோருக்கும் எண் ஏறியது.

அப்போது முன் வரிசையில் ஒருவர் பதறி எழுந்தார். மாநில எந்திரவியல் கல்லூரியின் முதல்வர் லோகித்.

"ஆணையர் சார், நிறுத்துங்க! போதும்!" என்றார். "தொண்ணூத்தி நாலோட வர்ற பையன எடுத்துட்டு நாங்க என்ன பண்றது? நாலு வருஷம் சொல்லிக் குடுத்தாலும் ஆறுக்கு மேல ஏறாது. எங்க காலேஜ் தரம் தரைக்குப் போயிரும். இவங்க யாரையும் எங்களால சேத்துக்க முடியாது."

ஆணையர் பட்டியலைப் பார்த்தார். முதல்வர் கேட்பதுபோல் பார்த்தால், சேர்த்துக்கொள்ளத் தகுந்தவர்கள் போட்டி முடிந்தும் எண் தாழ்ந்தே நிற்கிற பிள்ளைகள்தான். அரங்கில் ஒரே கூச்சல். நந்தகோபனின் அப்பா மேடைக்கே ஓடி வந்து கும்பிட்டார். "ஒரு மாசம் டைம் குடுங்க சார், பையனைப் பழையபடி கெடுத்துக் கொண்டாந்து விட்டர்றேன்!"

"அப்பா, நான் போகமாட்டேன்," என்றான் நந்தகோபன் அமைதியாக. எண் இன்னும் ஒன்று ஏறியது.

வாணி எழுந்து மேடைக்குப் போனாள். கடைசி இடத்தில் இருப்பவளைத் தடுக்க யாருக்கும் தோன்றவில்லை. அவள் ஒலிவாங்கியைத் தொடாமல் முதல்வர் முன்னால் போய் நின்றாள்.

"சார், உங்க காலேஜ்ல காயில் கட்டத் தெரிஞ்ச வாத்தியார் எத்தனை பேருங்க?"

முதல்வர் திரும்பிப் பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார். "ஒருத்தரும் இல்லம்மா. வாத்தியாரையும் இப்படித்தானே எடுத்தோம், பயன் ஏறட்டும்னு." இன்னும் கிட்டே குனிந்தார். "உன் எந்திரன் நெசமாவே தண்ணிய வடிச்சுதா? நான் முகத்தைத்தான் பாத்துட்டு இருந்தேன்."

"வடிச்சுதுங்க."

"எங்க பம்பு மூணு வருஷமா ஓடல. ஆஸ்டலுக்கு லாரியிலதான் தண்ணி வருது. நீ வந்து..."

"வேலைக்கு வரமாட்டேங்க. படிக்க வரேன். நந்தகோபனையும் சேத்துக்கங்க, கம்பி புடிக்க ஒரு ஆள் வேணும். பம்பு, லேபு, எல்லாத்தையும் ஓட்டித் தர்றோம்."

"அதெப்படிம்மா? உங்க ரெண்டு பேருக்கும் எண்ணு ஏறாதே. நான் என்னத்தைக் கணக்குக் காட்டறது?"

"எங்களுக்கு ஏறாது சார். உங்களுக்கு ஏறும்."

சொல்லிவிட்டு, ஆணையரின் மேசையிலிருந்த புது வில்லை ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டினாள். ஆணையர் விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, முதல்வரையும் அளந்து கணக்கில் சேர்க்கத் தடையேதும் இல்லை என்று தலையசைத்தார். முதல்வர் லோகித் வேர்த்துப்போய்ச் சுற்றிலும் பார்த்தார். ஆயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் வாங்கிக் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டார்.

பலகையில் 'முதல் அளவு: 11' என்று விழுந்தது. கூட்டத்தில் ஒருவர் பழக்க தோஷத்தில் கைதட்டிவிட்டார். முதல்வர் குனிந்த தலை நிமிராமல் இரண்டு சேர்க்கைப் படிவங்களிலும் கையெழுத்துப் போட்டார்.