கடைசி நல்ல எண்

சென்சாரே மாட்டாத பெட்டி எண் காட்டியது. கம்ப்யூட்டர் திரையின் மூலையில், பச்சை நிறத்தில்: வாயு 2.

நிதின் காபி டம்ளரைக் கீழே வைத்தான். இன்னும் பொழுது சாயவில்லை. புதுப்பட்டினம் கடைத்தெரு இரைச்சலும், மீன்காரி யாரோடோ பேரம் பேசிச் சலித்துக்கொள்வதும் மாடி ஜன்னல் வழியே வந்துகொண்டிருந்தன. பெட்டி மேஜைமேல் இருந்தது. ஒரு பக்கம் நெட்வொர்க் கேபிள், மறுபக்கம் சென்சார் செருகும் துளை. துளை காலி.

கடப்பாக்கம் இறால் குஞ்சுப் பண்ணையில் எலெக்ட்ரீஷியனாக இருந்த பூபாலன் தன் கையால் செய்த பெட்டி அது. தரைக்கடியில் உள்ள கடல்நீர்த் தொட்டியில் ஆள் இறங்குமுன், உள்ளே விஷவாயு இருக்கிறதா என்று மேலேயிருந்தே கம்ப்யூட்டரில் பார்க்கலாம். யாரும் எடுத்துத் திருத்தக்கூடிய ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் ஒன்றில் அதைச் சேர்க்க நிரல் எழுதியவன் நிதின்.

"சென்சார் வாய மூடிகிச்சின்னா மூடிகிச்சின்னே காட்டு மச்சான். நீயா ஒரு நம்பரப் போடாத," என்று பூபாலன் இன்சுலேஷன் டேப் சுற்றிய கட்டைவிரலை ஆட்டி ஆட்டிப் படித்துப் படித்துச் சொன்னான். நிதினுக்கோ கிராஃப் அறுபடாமல் அழகாக ஓட வேண்டும். பதில் வராவிட்டால் கடைசியாக வந்த நல்ல எண்ணையே திரும்பக் காட்டும்படி எழுதிவைத்தான். உப்புக்காற்று சென்சார் ஒயரை அரித்துத் தின்ற பிறகும் திரை 2, ஆபத்தில்லை என்றே சொன்னது. அதை நம்பி இறங்கிய பூபாலன் ஏறவில்லை.

அன்றைக்கே நிதின் நிரலிலிருந்து அந்த வரியை அழித்தான். விசாரணையில், பெட்டிதான் கோளாறு, வீட்டில் செய்த சாமான் அப்படித்தான் என்று கூசாமல் சொன்னான். செத்தவன் தலையிலேயே பழி விழுந்தது. நேற்று பூபாலன் மனைவி பொன்னி பெட்டியைக் கொண்டுவந்து வாசலில் வைத்தாள்.

"என் வூட்டுக்காரரு செஞ்சது கோளாறுன்னு சொன்ன இல்ல? நீயே வச்சிக்கினு வாழு." அவள் அழவில்லை.

அடுத்த பதிப்பை வெளியிடுமுன் ஒருமுறை சோதித்துவிடலாம் என்று இன்று பெட்டியைக் கம்ப்யூட்டரில் செருகினான். வேலியில் போன ஓணானை மடியில் விட்டுக்கொண்டது போலாயிற்று.

வரியைத்தான் அழித்தாயிற்றே. எண் எங்கிருந்து வருகிறது? கேபிளைப் பிடுங்கினான். 2. பெட்டியின் மின்சார ஒயரையும் பிடுங்கினான். 2.

அப்போதுதான் நாற்றம் வந்தது. முதலில் கரையில் ஒதுங்கிய பாசி போல மெல்ல, பிறகு செத்த இறால், பிறகு தொண்டையைச் சுரண்டும் அழுகிய முட்டை வாடை. ஜன்னலை இன்னும் அகலத் திறந்துவிடத் திரும்பினான். கடைத்தெரு இரைச்சல் நின்றிருந்தது. ஜன்னல் இல்லை. வழவழவென்று ஈரமான சிமெண்ட் சுவர்.

கதவும் இல்லை.

எங்கோ இரும்புப் படியில் கால் வைக்கும் சத்தம். டங். சொட்டும் தண்ணீர். டங்.

"ஸ்வாதி! மூச்சு முட்டுது! கதவத் தொற!"

மனைவி கீழே கூடத்தில்தான் இருந்தாள். அங்கேயும் ஒரு திரையில் இதே எண் தெரியும்படி பெருமைக்காக அவனே வைத்திருந்தான். ஆனால் அவள் குரல் மேலேயிருந்து வந்தது. வெகு உயரத்திலிருந்து.

"என்னங்க விளையாட்டு? இங்க ரெண்டுன்னுதானே காட்டுது. எல்லாம் சுத்தமாத்தான் இருக்கு."

"பொய்! அது பொய், ஸ்வாதி!"

தலைக்கு மேலே தொட்டி மூடி நகர்ந்தது. வெளிச்சம் பிறையாகி, நூலாகி, போயிற்று.

டங்.

நெஞ்சு எரிந்தது. இருட்டில் பச்சை எண் மட்டும். அந்த வெளிச்சத்தில் ஒரு கை. ஊறி வெளுத்த தோல். கட்டைவிரலில் கறுப்பு டேப்.

அந்தக் கை நிதினின் வாயை மெதுவாக மூடியது.

2.

2.

2.