வாயசைப்பு

மின்சாரம் போனபோது பெரியம்மா பாதி வசனத்தில் இருந்தாள். "இந்த வீட்டு வாசப்படியை அவ தாண்டினா..." என்று திரையில் கண்ணை உருட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே அணைந்துபோனாள். சிதம்பரத்தில் அந்தச் சந்துக்குள் இருபது வீடுகள், இருபதிலும் ஏழரை மணிக்கு அதே தொடர்தான். இருபது தொலைக்காட்சிகளும் ஒரே நொடியில் வாயை மூட, மின்விசிறி நாலு சுற்று சுற்றி முனகி நிற்க, சாக்கடை நாற்றமும் எங்கோ தாளித்த வெங்காய வாசனையும் ஜன்னல் வழியாக மெல்ல உள்ளே வந்தன. கார்த்யாயினி தீப்பெட்டிக்குக் கையை நீட்டினாள். அப்போது சமையலறைப் பக்கமிருந்து, நிதானமாக, வசனத்தின் மிச்சம் வந்தது.

"...பொணமாத்தான் தாண்டுவா."

கை அந்தரத்தில் நின்றது.

"இந்தத் தெருவுல யாரு வூட்டுலயாவது இன்வெர்ட்டர் இருக்குதாடி?" என்று இருட்டைப் பார்த்துக் கேட்டாள்.

"யார்கிட்டயும் இல்ல" என்றாள் மகள் பிரீதா. எட்டு வயது. ஒரு பயமும் இல்லாத குரல். "கரண்டு போனா அவுங்க அப்புறமா முடிச்சிடுவாங்க. நீங்க வர்றதுக்கு முன்னாடியே அப்டித்தான்."

நீங்க. பெற்ற தாயை அந்தப் பெண் அப்படித்தான் கூப்பிட்டாள், வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கூப்பிடுவதுபோல. கார்த்யாயினி சென்னையிலிருந்து வந்து பத்து நாளாகியும் அது மாறவில்லை. இத்தனைக்கும் அந்தப் பெரியம்மாவாக நடிப்பவளே கார்த்யாயினிதான். முகம் அவளுடையது, புடவைக் கட்டு அவளுடையது, முறைப்பு அவளுடையது. குரல் மட்டும் வேறொருத்தியுடையது.

தொடரில் பெரியம்மாவை ஜெயிலுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு மாதத்துக்கு எடுத்து வைத்தது இப்போது ஓடிக்கொண்டிருந்தது, அதோடு சரி. அந்தச் சாக்கில் அவள் ஊருக்கு வந்தாள். கணவன் சபேஷ் வந்த அன்றைக்கே தெளிவாகச் சொல்லிவிட்டான்.

"தீபாவளி வரைக்கும் பாப்பேன். புள்ள உன்கூட ஒட்டுனா இரு. இல்லன்னா திட்டக்குடியில எங்கக்கா கூட்டிட்டுப் போறேன்னு நிக்குது, அனுப்பிடுவேன். நீ உன் இஷ்டத்துக்கு மெட்ராஸ்லயே கெட."

தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

காடாம்புலியூரில் முந்திரிக்கொட்டை உடைக்கும் குடும்பத்தில் பிறந்து, சிதம்பரத்துக்கு வாழ்க்கைப்பட்டு, 2004இல் கடலூர் பீச்சில் நடந்த ஷூட்டிங்கை வேடிக்கை பார்க்கப் போனவள் அவள். கூட்டத்தில் நின்றவளை டைரக்டர் விரலை நீட்டிக் கூப்பிட்டார். அடுத்த படத்தில் கதாநாயகனின் தங்கை வேடம், இருபத்திரண்டு நாள் வேலை என்று பேசி முடித்தார்கள். இரண்டே வாரத்தில் அவளுக்கு நாள் தள்ளிப்போனது, வயிற்றில் பிரீதா. வேடம் வேறு ஒருத்திக்குப் போனது. அதற்குப் பிறகு கிடைத்ததெல்லாம் துக்கடா. கதாநாயகனுக்கு இட்லி வைக்கும் அண்ணி, எழவு வீட்டில் முன்வரிசையில் மாரடிப்பவள், "டாக்டர் வர்றாங்க" என்று சொல்லிவிட்டு ஓடும் நர்ஸ். பெற்ற பிள்ளையை சபேஷிடம் விட்டுவிட்டு சென்னையில் நாலு வருடம் இப்படி நாயாக அலைந்த பிறகு, 2008இல் இந்தப் பெரியம்மா கிடைத்தாள். முகம் பிரமாதம், குரல் மட்டும் கீச்சுக் கீச்சென்று இருக்கிறது, வில்லிக்கு ஒட்டாது என்று சொல்லிவிட்டார்கள். யாரோ சந்திரலேகா என்கிற டப்பிங்காரி பேசினாள்.

ஊர் அந்த முகத்தைத்தான் வெறுத்தது. சன்னதித் தெருவில் பூ விற்கும் இருசம்மாள் போன வாரம்கூட முழம் போட்டபடியே, "குடும்பத்தக் கெடுக்கிறவளுக்குப் பூ ஒரு கேடு" என்று காதில் விழும்படி சொல்லி, நாலு விரல் குறைத்துத்தான் கொடுத்தாள். பிரீதாவின் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவள் பக்கத்தில் உட்கார மாட்டார்களாம். அதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது ஒன்று இருந்தது. பிரீதா அந்தக் குரலைக் கேட்டுத்தான் தூங்கியிருக்கிறாள், வருடக்கணக்காக. அம்மா என்றால் அவளுக்கு அந்தக் கனத்த, அடித்தொண்டைக் குரல். கார்த்யாயினி வந்த முதல் நாள் "கண்ணு" என்று கூப்பிட்டபோது குழந்தை முகத்தைச் சுளித்துக்கொண்டு, "இது உங்க குரல் இல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டது.

புதன்கிழமை மறுபடியும் மின்சாரம் போனது. அவள் கொல்லைப்புறத்தில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். உள்ளே பிரீதா சிரித்தாள். வந்ததிலிருந்து அந்த வீட்டில் அவள் கேட்ட முதல் சிரிப்பு அது. ஆசையாகத்தான் இருந்தது, துணியை அப்படியே தோளில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினாள். சமையலறை வாசலில் கிராம்பு வாசனை மூக்கில் அடித்தது. இந்த வீட்டில் யாரும் கிராம்பு மெல்லுவதில்லை. உள்ளே அரிசி டின்னுக்கும் சுவருக்கும் நடுவே இருட்டு கெட்டியாக இருந்தது. அதன் எதிரில் பிரீதா சம்மணம் போட்டு உட்கார்ந்து கன்னத்தில் கையை வைத்துக்கொண்டிருந்தாள்.

"உங்கப்பனுக்கு முதுகெலும்பு கெடையாதுடி" என்றது குரல். "மாசாமாசம் மணியார்டர் வந்தா வாயப் பொத்திக்குவான். அவனெல்லாம் ஒரு ஆம்பளயா?"

கார்த்யாயினியின் தோளிலிருந்து துணி சரிந்தது. இது தொடரில் வந்த வசனம் இல்லை. எந்தக் காகிதத்திலும் எழுதிய வசனம் இல்லை.

இது அவள் பேசியது.

டப்பிங் உள்ள நடிகைக்கு ஒரு சௌகரியம் உண்டு. எப்படியும் வேறொருத்தி பேசப்போகிறாள், இவள் வாய் அசைந்தால் போதும். சிலர் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவார்கள். கார்த்யாயினி எண்ணவில்லை. பதினாறு மணி நேரம் நின்று, கால் வீங்கி, வீட்டு நினைப்பு நெஞ்சை அடைக்க, கேமராவுக்கு முன்னால் சத்தமே வராமல் தன் மனதில் இருந்ததையெல்லாம் பேசினாள். கோர்ட் காட்சியில் சபேஷைத் திட்டினாள். கல்யாணக் காட்சியில் மாமியார் குடும்பத்தையே சபித்தாள். நாலு வருடம் அப்படியே போனது. யாருக்குக் கேட்கப்போகிறது என்ற தைரியம்.

கேட்க வேண்டியதே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. 2010இல் ஒரே ஒரு முறை சந்திரலேகாவை டப்பிங் தியேட்டரில் பார்த்தாள். கடலூர் முதுநகர்க்காரி, ஐம்பது வயதிருக்கும், கன்னத்தில் ஒரு கிராம்பை அடக்கியிருந்தாள். ஊர்க்காரி என்று சந்தோஷமாகக் கையைப் பிடித்தவளைப் பார்த்து சந்திரலேகா சிரிக்காமல் சொன்னாள்.

"நான் பேப்பரப் பாக்குறதில்ல கண்ணு. வாயத்தான் பாப்பேன். இருவது வருசமா வாயப் பாத்தே பொழைக்கிறவ. தொட்டில் சீன்ல நீ இன்னா பேசுனன்னு எனக்குத் தெரியும். எல்லாத்தயும் பத்திரமா வச்சிருக்கேன்."

தொட்டில் காட்சி. 2009இல் எடுத்தது. பிரீதாவுக்குக் காய்ச்சல் என்று போன் வந்த நாள், விட மாட்டேன் என்று மேனேஜர் சொன்ன நாள். பொம்மைக் குழந்தை கிடந்த தொட்டில் மேல் குனிந்து அவள் வாயசைத்தது: உன்னால ஒரு சினிமா போச்சுடி. உன்னக் கலைக்கத்தான் கடலூருக்குப் போனேன். அன்னைக்கு டாக்டரம்மா வரல. அதனாலதான் நீ இருக்க.

பொய் இல்லை. போனாள். வராண்டா பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினாள். மறுபடி போகத் தைரியம் வரவில்லை. அது சபேஷுக்குத் தெரியாது. உலகத்தில் ஒரு ஜீவனுக்கும் தெரியாது.

வியாழக்கிழமை காலையிலேயே டப்பிங் பார்க்கும் சுப்பிரமணியனுக்குப் போன் போட்டாள். சந்திரலேகாவிடம் பேச வேண்டும் என்றாள்.

"பேசவா? அவுங்களுக்கு ஆடி மாசமே தொண்டயில ஆபரேஷன் ஆச்சேம்மா. குரல் சுத்தமா போயிடுச்சு. சிலேட்டுல எழுதித்தான் காட்டுறாங்க."

"அப்ப ஆடியிலேருந்து இதுவரைக்கும் எனக்கு யாரு பேசுறா?"

சுப்பிரமணியன் குரலைத் தாழ்த்தினான்.

"எங்களுக்கும் தெரியலம்மா. வேற ஆள வச்சுப் பேசலாம்னு டேப்பப் போட்டுப் பாத்தோம். அதுல அவுங்க குரல் ஏற்கெனவே இருக்குது. கேள்வி கேட்டுட்டு நின்னா எபிசோடு லேட்டாகும். வுட்டுட்டோம்."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான்! போனைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம்போல இருந்தது. பயத்தைவிட அந்த நேரத்தில் ஆத்திரம்தான் அதிகம். வந்தது வரட்டும், குழந்தையிடம் அது சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், அழுது, காலில் விழுந்து, என் வாயால் சொன்னால் அது வேறு மாதிரி இருக்கும் என்று முடிவு செய்தாள். எட்டு வயதுப் பெண்ணிடம் இதையெல்லாம் சொல்வதா என்று ஒரு மனம் கேட்டது. வேறு வழி இருந்தால் அந்த மனமே சொல்லியிருக்கலாம்.

அன்று மாலை ஏழரை. தொடர் ஆரம்பித்தது. திரையில் தன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் அவள் தரையைப் பார்த்தாள். வேர்த்து வேர்த்து ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டது. சுவர்க் கடிகாரம், பக்கத்து வீட்டுக் குக்கர் விசில், எங்கோ கோயில் மணி. ஏழே முக்காலுக்கு எல்லாம் அணைந்தது.

மெழுகுவத்தியை ஏற்றினாள்.

"பிரீதா, இங்க வா."

"உள்ள போறேன். அவுங்க பேசுவாங்க."

"போவாத. அம்மா ஒண்ணு சொல்லணும். இங்க உக்காரு."

குழந்தை இரண்டடி தள்ளி உட்கார்ந்தது. கண் சமையலறை மேலேயே இருந்தது. அங்கிருந்து எதுவும் வரவில்லை. ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லை. காத்திருப்பதுபோல.

கிராம்பு வாசனை.

சமையலறையிலிருந்து இல்லை. பக்கத்தில். ரொம்பப் பக்கத்தில். அவள் எச்சிலை விழுங்கினாள். நாக்கு காரமாக எரிந்தது.

"கண்ணு, அம்மாவுக்கு உன்ன ரொம்பப் பிடிக்கும்" என்று சொல்ல வாயைத் திறந்தாள். உதடு அதைத்தான் சொன்னது. நாக்கு அதைத்தான் சொன்னது.

"உன்னால ஒரு சினிமா போச்சுடி" என்று கேட்டது. கனமாக. அடித்தொண்டையில்.

பிரீதா சட்டென்று திரும்பினாள்.

இல்லை, இல்லை என்று கார்த்யாயினி கத்தினாள்.

"உன்னக் கலைக்கத்தான் கடலூருக்குப் போனேன்."

வாயை மூடினாள். பல்லைக் கடித்தாள். இரண்டு கையாலும் பொத்தினாள். குரல் நிற்கவில்லை. விரல் இடுக்கில் அதன் சூடு பட்டது. பெஞ்சைப் பற்றிச் சொன்னது. டெட்டால் நாற்றத்தைச் சொன்னது. கையில் மடித்து வைத்திருந்த பணத்தைச் சொன்னது. டாக்டரம்மா வராததைச் சொன்னது. ஒன்றும் விடவில்லை. அவசரமும் படவில்லை.

குழந்தை அழப்போகிறாள் என்று நினைத்தாள். எழுந்து ஓடுவாள் என்று நினைத்தாள்.

பிரீதா மெழுகுவத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு முழங்காலால் நகர்ந்து வந்தாள். வெளிச்சத்தைத் தாயின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். கண் விரிந்திருந்தது. முகம் முழுக்கச் சந்தோஷம்.

"கையை எடும்மா. வாய் தெரியல."

சின்ன விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரித்தன. கடைசி விரலும் விலகியது. உள்ளே உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. ஒரு எழுத்துகூடப் பிசகாமல், குரலோடு சேர்ந்து.

பிரீதா மெழுகுவத்தியைத் தரையில் வைத்துவிட்டு மடியில் ஏறிக்கொண்டாள். தலையை மார்பில் சாய்த்தாள். பிள்ளைக்கு நினைவு தெரிந்த பிறகு முதல் முறை. எண்ணெய் தேய்த்த தலையின் வாசனை, குட்டிக் கையின் எடை, கழுத்தில் மூச்சு. இதற்காகத்தான் வந்தாள். கட்டிக்கொள்ளக் கையைத் தூக்கப் பார்த்தாள். கை வரவில்லை.

"அப்புறம் என்னம்மா செஞ்ச?" என்று தூக்கக் கலக்கத்தில் கேட்டாள் பிரீதா.

"அப்புறம் உங்கப்பன்கிட்ட வந்து பொய் சொன்னேன்டி" என்றது வாய்.

குழந்தை கட்டை விரலைச் சப்பிக்கொண்டு கண்ணை மூடினாள். வாசலில் சபேஷ் பைக்கை நிறுத்தும் சத்தம் கேட்டது. செருப்பைக் கழற்றினான். கதவைத் தள்ளினான். அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்து குழந்தையின் நெற்றியில் சொட்டியது. வாய் பேசிக்கொண்டே இருந்தது.