மூன்றாம் நிலையத்தின் நிமிடங்கள்

"இஞ்சாருங்கோ, உது என்ன? சைக்கிளிலை மைல் காட்டுற சாமான் மாதிரி?"

"நிமிசம் எண்ணுறது. கதைக்கிற பொத்தானை அமத்தினாத்தான் சுத்தும். சும்மா கேட்டுக்கொண்டிருந்தா அசையாது."

"அப்ப உங்கடை வாய்க்கும் ஒண்டு பூட்டவேணும்."

"என்ரை வாய்க்கோ? உம்மடை வாய்க்குப் பூட்டினா ஒரு கிழமையிலை தேய்ஞ்சு போம்!"

கல்யாணமான புதிதில் பஞ்சலிங்கம் அப்படிச் சொல்லிச் சிரித்தான். உடுப்பிட்டியில் அந்தப் பழைய வீட்டின் கதவைத் திறக்கும்போதெல்லாம் அவன் மனைவி செல்வநாயகிக்கு அந்தச் சிரிப்பு கேட்கும்.

வீட்டுக்காரர் கனடாவுக்குப் போன பிறகு ஒரு நிவாரண நிறுவனம் வாடகைக்கு எடுத்த வீடு. முன்னறையில் வயர்லெஸ் பெட்டி, அதன் முகப்பில் அந்த நிமிட எண்ணி; மின்சாரம் இல்லாத ஊரில் அதற்கு உயிர் கொடுக்க ஒரு கார் பற்றரி. ஐந்து நிலையங்கள் அவளோடு தொடர்பு கொள்ளும். எந்த நிலையம் எத்தனை செய்தி அனுப்பியது, எத்தனை நிமிடம் பேசியது என்று அட்டவணை எழுதி, மாலை நான்கு மணிக்கு யாழ்ப்பாணத்திலிருக்கும் பொறுப்பாளர் சிமியோனுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அதுதான் அவள் வேலை.

மூன்றாம் நிலையம் பஞ்சலிங்கம்.

கார்த்திகைக் காற்றில், தன் வயர்லெஸ் பெட்டியோடு கிளாலிக் கடனீரேரியைக் கடக்கப் படகேறினான். படகு கரை ஒதுங்கியது. அவன் ஒதுங்கவில்லை.

பகல் பன்னிரண்டு மணி அவனுடைய நேரம். தினமும் மூன்று தடவை கூப்பிடுவாள். இரைச்சல் மட்டும் வரும். சைபர் எழுதுவாள். பதினான்கு நாள் தொடர்ந்து சைபர் என்றால் அந்த நிலையத்தை அட்டவணையிலிருந்து வெட்டிவிட வேண்டும். வெட்டினால், அவனைத் தேடிக் கரையோரமாக ஓடும் படகும் நின்றுவிடும்.

பதினான்காம் நாள் சிமியோனின் குரல் தயங்கியது.

"தங்கச்சி... மூண்டு?"

அவள் மூன்றாம் நிலையத்தின் வெற்றுக் கட்டத்தைப் பார்த்தாள்.

"சத்தம் வந்தது, அண்ணை. கதை விளங்கேல்லை. ரெண்டு நிமிசம்."

"மாதாவே! தேடுற ஆக்களை நிப்பாட்ட வேண்டாமெண்டு சொல்லுறன். நீர் அழாதையும்."

பொய் சொல்லிப் பழகாத விரல்களால் 2 என்று எழுதினாள். அறையைப் பூட்டுமுன் வழக்கம்போல நிமிட எண்ணியைக் குறித்துக்கொண்டாள். 4126.

மறுநாள் காலையில் அது 4128.

பூட்டு பூட்டியபடியே இருந்தது. ஜன்னல்கள் உள்ளே கொளுவியபடியே இருந்தன. ஆனால் அறைக்குள் கரையொதுங்கி அழுகிய சாதாளைக் கடற்புல்லின் மணம் நின்றது. கடல் அங்கிருந்து தொலைவு.

தான்தான் பிழையாகக் குறித்திருக்க வேண்டும் என்று எண்ணினாள். அன்று மூன்று நிமிடம் என்று எழுதினாள். விடிந்தபோது மூன்று கூடியிருந்தது. ஐந்து எழுதினாள். ஐந்து.

பயந்திருக்க வேண்டும். அவளுக்கு வந்தது ஆசை.

எழுதினால் வருகிறான்.

அடுத்த நாள் அவள் மாலைவரை காத்திருக்கவில்லை. காலையிலேயே மூன்றாம் நிலையத்தின் கட்டத்தில் முன்கூட்டி எழுதினாள்: பன்னிரண்டு முதல் பன்னிரண்டரை வரை. முப்பது நிமிடம். பிறகு தலைவாரி, அவனுக்குப் பிடித்த நீலச் சேலையைச் சரிசெய்துகொண்டு, பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

வெளியே மாரிமழை. நடுப்பகல் இருண்டு கிடந்தது.

பன்னிரண்டு மணிக்கு, கொளுக்கியில் தொங்கிய பேசும் கருவியின் பொத்தான் தானாக உள்ளே அமிழ்ந்தது.

சிவப்பு விளக்கு எரிந்தது.

பொத்தான் அமுங்கியிருக்கும்போது அந்தப் பெட்டியின் ஒலிபெருக்கி வாய் திறப்பதில்லை. அன்று திறந்தது.

முதலில் தண்ணீர். பிறகு பலகையில் நகங்கள் பிறாண்டும் ஒலி. பிறகு ஒரு மூச்சு. அவள் அறிந்த மூச்சு. இரவுகளில் தன் கழுத்தோரம் உணர்ந்த மூச்சு. அது தண்ணீரை விழுங்கியது. இருமியது. மறுபடி விழுங்கியது.

"நா..." என்றது குரல். மிச்சத்தைத் தண்ணீர் மூடியது.

எண்ணியில் ஓர் இலக்கம் சுழன்றது.

உடனே முதலிலிருந்து தொடங்கியது. தண்ணீர். நகங்கள். மூச்சு.

"நா..."

இன்னோர் இலக்கம்.

அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. இரண்டு, மூன்று, ஐந்து என்று அவள் எழுதிய ஒவ்வொரு நிமிடமும் அவன் தொடக்கத்திலிருந்து மூழ்கியிருக்கிறான்.

இன்று முப்பது எழுதியிருக்கிறாள்.

"ஐயோ, இஞ்சாருங்கோ, வேண்டாம்!"

பற்றரி வயரைப் பிடுங்கினாள். விளக்கு அணையவில்லை. அட்டவணைத் தாளைச் சுக்குநூறாகக் கிழித்தாள். எண்ணி நிற்கவில்லை. கதவை நோக்கி ஓடினாள்; பாதி வழியில் நின்றாள். தனியாக மூழ்கவிட்டு எப்படிப் போவது? திரும்பி வந்து பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி தரையில் இருந்தாள். பெட்டி ஈரமாக இருந்தது.

பத்து. இருபது. ஒவ்வொரு தடவையும் அவன் எதையோ கேட்க வாயெடுத்தான். ஒவ்வொரு தடவையும் தண்ணீர் விடவில்லை.

இருபத்தொன்பது.

முப்பதாவது நிமிடத்தில் தண்ணீர் இல்லை. நகங்கள் இல்லை. கூரையில் விழுந்த மழைகூடக் கேட்கவில்லை. அவள் காதோடு ஒட்டினாற்போல், களைத்த ஒரு குரல் மெல்லச் சொன்னது.

"நாயகி... என்னாலை ஏலாதம்மா. இனிச் சைபர் எண்டு எழுதுமன்."