மலையைச் சுற்றாமல் நின்றவள்

காரை ஓட்டியவர் அசரியா அங்கிள். அவர் பக்கத்தில் ஹெப்சி ஆன்ட்டி. பின்சீட்டில் ஒரு ஜன்னலோரம் வெண்ணிலாவின் அம்மா சத்யப்ரியா, மறு ஜன்னலோரம் அங்கிள் ஆன்ட்டியின் ஐந்து வயது மகன் எபி, நடுவில் வெண்ணிலா. தாம்பரத்தில் எதிரெதிர் வீடுகளில் குடியிருக்கும் இரண்டு குடும்பங்கள்.

காலையில் பரங்கிமலை உச்சியில் இருக்கும் பழைய தேவாலயத்தைப் பார்த்தாயிற்று. அது எபி வீட்டார் கூட்டிப்போன இடம். இப்போது வெண்ணிலா வீட்டாரின் முறை. சிங்கப்பெருமாள் கோவில் என்ற ஊரில் உள்ள குகைக்கோயிலுக்குப் போனார்கள்.

"எபி கையை விடாதே வெண்ணிலா. நிமிஷத்துல ஓடிடுவான்," என்றார் ஹெப்சி ஆன்ட்டி.

"விடமாட்டேன் ஆன்ட்டி."

குகைக்குள் அர்ச்சகர் தீபத்தை உயர்த்திக் காட்டினார். நரசிம்மரின் நெற்றியில் இன்னொரு கண் தெரிந்தது.

"இந்தச் சாமி கண்ணாடி போட்டா, அந்தக் கண்ணுக்கும் சேத்துப் போடணுமா?" என்று எபி கேட்டான். அர்ச்சகரே சிரித்துவிட்டார்.

இங்கே சாமியை மலைப்பாறையிலேயே செதுக்கியிருக்கிறார்கள். அதனால் சாமியை வலம் வர வேண்டுமென்றால் மலையையே சுற்ற வேண்டும். சின்ன மலைதான். வெண்ணிலாவும் எபியும் முன்னால் நடந்தார்கள். பெரியவர்கள் பேசிக்கொண்டே பின்னால் வந்தார்கள்.

மலைக்குப் பின்பக்கம் வெண்ணிலாவின் காலில் முள் தைத்தது. எபியின் கையை விட்டுவிட்டுக் குனிந்து முள்ளைப் பிடுங்கினாள். நிமிர்ந்தபோது எபி இல்லை.

"முன்னால ஓடியிருப்பான்," என்றார் அசரியா அங்கிள். எல்லோரும் வேகமாக நடந்து முன்பக்கம் வந்தார்கள். அங்கே எபி இல்லை. குகைக்குள் பார்த்தார்கள். செருப்பு விடும் இடத்தில் பார்த்தார்கள். இல்லை.

பெரியவர்கள் மறுபடி மலையைச் சுற்றக் கிளம்பினார்கள். ஹெப்சி ஆன்ட்டியின் உதடுகள் ஜெபம் செய்தபடி அசைந்தன. அவர் வெண்ணிலாவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

வாசலில் பூ விற்றுக்கொண்டிருந்த தனக்கோடி அக்காவிடம் ஓடினாள்.

"அக்கா, சிவப்புச் சட்டை போட்ட சின்னப் பையன் வெளியே போனானா?"

"இந்த வாசலத் தாண்டி எந்தப் புள்ளயும் போவல பாப்பா. உள்ளதான் கீறான். நான் பாத்துக்கினே இருக்கேன், நீ போய்த் தேடு."

அப்படியென்றால் மலையைச் சுற்றும் பாதையில்தான் இருக்க வேண்டும். அவனும் எங்களைத் தேடி நடந்துகொண்டிருந்தால்? அவன் முன்னால் போக நாங்கள் பின்னால் போக, எப்போது பிடிப்பது?

"அக்கா, நான் எதிர்ப்பக்கமா சுத்தட்டுமா?"

"ஐயோ, சாமிய அப்பிடிச் சுத்தக் கூடாதுமா."

வெண்ணிலா தயங்கினாள். பிறகு விறுவிறுவென்று நடந்து, முள் குத்திய இடத்துக்கே வந்து நின்றாள்.

நிற்பதுதான் கஷ்டமாக இருந்தது. பாறை சுட்டது. ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றாள்.

அம்மா வேகமாக வந்தாள். "தேடாம இங்க என்னடி நிக்கிற?"

"அவன் இந்த வழியா வருவாம்மா."

அம்மா தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டாள். அசரியா அங்கிள் போனார். யார் யாரோ போனார்கள். வராவிட்டால் என்ன செய்வது என்று நினைத்ததும் அழுகை முட்டியது.

அப்போது பாறைத் திருப்பத்தில் ஒரு சிவப்புச் சட்டை தெரிந்தது. எபி மூச்சு வாங்க நடந்து வந்தான். முகம் முழுக்கக் கண்ணீர்க் கோடுகள்.

"எங்கடா போனே?"

"பாறைக்குப் பின்னால ஒளிஞ்சேன். பயம் காட்டலாம்னு. நீங்க எல்லாரும் என்னைத் தாண்டிப் போயிட்டீங்க. நான் சுத்திக்கிட்டே இருக்கேன். நீங்களும் நிக்கவே மாட்டேங்கறீங்க."

வெண்ணிலா அவனை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "வா, நாம நிப்போம். எல்லாரும் இங்கதான் வருவாங்க."

அப்படியே வந்தார்கள். முதலில் ஹெப்சி ஆன்ட்டி வந்து எபியை அள்ளிக்கொண்டார். "அம்மா அவுட்," என்றான் எபி. அடுத்து வெண்ணிலாவின் அம்மா அவுட். கடைசியில் வியர்வையில் நனைந்தபடி எபியின் அப்பா அவுட்.

கிளம்பும்போது தனக்கோடி அக்கா எபியின் கன்னத்தைக் கிள்ளினார். காலையில் எங்கே போனார்கள் என்றும் விசாரித்தார்.

"பரங்கிமலை சர்ச்சா? ரயில்ல போறப்பல்லாம் அந்த மலையப் பாப்பேன். எங்கள மாதிரி ஆளுங்கள மேல வுடுவாங்களா?"

"எல்லாரும் வரலாம் அக்கா," என்றார் ஹெப்சி ஆன்ட்டி.

"வழி தெரியாதேம்மா."

"நான் எழுதி அனுப்பறேன் அக்கா," என்ற வெண்ணிலா, அவருடைய முகவரியைக் கேட்டுக் குறித்துக்கொண்டாள்.

மறுநாளே எழுதினாள். மின்சார ரயிலில் ஏறிப் பரங்கிமலையில் இறங்குங்கள். கேட்டால் மலைப்படி எங்கே என்று காட்டுவார்கள். மதிய வெயிலில் ஏறாதீர்கள். செதுக்கிய கல் சிலுவையைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள்.

கடைசி வரியை எபி சொல்லச் சொல்ல எழுதினாள்: 'வழி தப்பினா பயப்படாதீங்க. நடந்துக்கிட்டே இருங்க. வெண்ணிலா அக்கா எங்கேயாவது நிப்பாங்க.'

உறையில் பசை தடவி ஒட்டி, தபால்தலை வைத்து, இருவரும் தெருமுனைக்குப் போனார்கள். வெண்ணிலா தூக்கிப் பிடிக்க, எபி கடிதத்தைச் சிவப்புப் பெட்டிக்குள் போட்டான். அது உள்ளே விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் கீழே இறங்கினான்.